ஓரம் சுருங்கிய சாக்லெட் பை

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர்கள் கழிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய அண்ணன் அவர். தாராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்.

"மாப்பிள்ளை, பாப்பா பத்தாவது பரிச்சைய எழுதி முடிக்கட்டும். அதுக்கப்பறம் எங்கூட்டுல இருந்து படிக்கட்டும். நீங்க காத்தால எட்டு மணிக்குப் போனா எப்ப வருவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. பொம்பளப் புள்ளைய தனியா உட்டுப்போட்டு என்ன பண்ணுவீங்க? என்ன சொல்றீங்க?"

நான் தலையாட்டினேன்.

இருபத்து மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறேன். மாஸ்டர் என்பார்கள். நீளமான மேசையில் நூறு அடுக்குத் துணியை விரித்து, நின்ற வாக்கில் இருக்கும் கத்தி மிஷினை ஓட்டினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. யாராவது காதோரம் வந்து எதையாவது சொல்வார்கள், நாங்கள் தலையாட்டுவோம். காதில் விழுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அன்றைக்கு நான் ஆட்டியதும் அந்த ஆட்டம்தான் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. எனக்குப் பேச வரவில்லை. எங்கள் வீட்டில் பேசுகிற வேலை அவளுடையதாக இருந்தது. வீட்டுக்காரரிடம் பைப் ஒழுகுகிறது என்று சொல்வதும், கம்பெனியில் லீவு எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதும் அவள்தான்.

மகள் அப்போது காப்பித் தட்டுடன் கதவருகே நின்றிருந்தாள். நான் தலையாட்டியதைப் பார்த்தாள். தட்டை எங்களுக்கு நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மிஷின் பிடிக்கும்போது இடது கையில் கம்பியால் பின்னிய உறை ஒன்று மாட்டியிருப்போம், கத்தி விரலில் படாமல் இருக்க. அதைப் போட்டுக்கொண்டு துணியைத் தொட்டால் துணி இருப்பது தெரியும், ஆனால் மெத்தென்று இருக்கிறதா சொரசொரப்பா என்பது தெரியாது. அந்த மாதங்களில் நான் அப்படித்தான் இருந்தேன். அழுகை வரவில்லை. சாப்பிட்டேன். தூங்கினேன். கம்பெனிக்குப் போனேன். என் அளவு ஒன்றுகூடப் பிசகவில்லை. மாஸ்டர் நன்றாகத் தேறிவிட்டார் என்று சொன்னார்கள்.

மகளும் நானும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அவள் பரீட்சை எழுதினாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கறனுங்ப்பா." "செரி கண்ணு." "கேஸ் தீரப் போகுதுங்ப்பா." "செரி." இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. தாராபுரம் போவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏப்ரலில் மச்சான் போன் செய்து, அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கும் "செரீங்க" என்றேன்.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சானும் அக்காவும் வந்து மகளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மச்சான் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. மடித்து அடுக்கிய சுடிதார்களுக்கு நடுவே ஒரு நோட்டு இருந்தது. அதன் நீல அட்டையில் எண்ணெய்க் கறை. எனக்கு அந்த நோட்டைத் தெரியும்.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் தெருவில் ஒரு அம்மா நாலு சனிக்கிழமைகளில் கேக் வகுப்பு எடுத்தார். என் மனைவி போனாள். வட்டமான அலுமினிய ஓவன் ஒன்றும் வாங்கினாள், மூடியின் நடுவே கண்ணாடி வைத்தது. கேக், பிஸ்கட்டெல்லாம் அவளுக்குச் சரியாக வந்ததில்லை. கடைசி வாரம் கற்றுக்கொண்ட சாக்லெட் பை மட்டும் அமைந்துவிட்டது. மாவில் கிண்ணம் மாதிரி ஓடு செய்து சுட்டு, அதற்குள் கறுப்புச் சாக்லெட்டும் கிரீமும் முட்டையும் கலந்து ஊற்றி மறுபடியும் சுடுவது. கசப்பும் இனிப்புமாக, நாக்கில் கனமாக இருக்கும். மகள் முதலில் ஓரத்தை மட்டும் சுற்றிலும் உடைத்துத் தின்பாள். நடுவில் இருப்பதை எனக்குத் தள்ளிவிடுவாள். "எலி கொறிச்ச மாதிரி பண்றா பாரு" என்று என் மனைவி திட்டுவாள். ஜனவரியில், உடம்பு முடியாமல் படுத்திருந்தபோதும், "ரிசல்ட் வரட்டும் பாப்பா, பை செஞ்சு தாரேன். ஓரம் பூரா உனக்குத்தான்" என்று சொன்னாள். ரிசல்ட் வந்த அன்று அதை யாரும் எடுக்கவில்லை. நான் மறந்துதான் போயிருந்தேன். நோட்டைப் பெட்டியில் பார்த்தபோதுதான் நினைவு வந்தது.

தன் துணிமணி தவிர மகள் கொண்டுபோக எடுத்து வைத்திருந்தது அந்த நோட்டு மட்டும்தான். வேறு எதையும் இந்த வீட்டிலிருந்து எடுக்கவில்லை. அம்மாவின் போட்டோவைக்கூட எடுக்கவில்லை.

நான் நோட்டை எடுத்து, சட்டைப் பையில் இருந்த கட்டிங் சீட்டின் பின்பக்கம் அளவுகளை எழுதிக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் எழுதி முடித்துவிட்டேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் இப்போதும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்று தெரியும். அதற்குப் பதிலாகக் கையால் செய்யக் கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேனோ என்னவோ.

சனிக்கிழமை வேலை முடிந்து பஜாரில் பேக்கரிச் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன். கூட்டம் குறையட்டும் என்று சைக்கிள் ஸ்டாண்டு பக்கமே நின்றேன். கூட்டம் குறையவில்லை. பாயே கூப்பிட்டார்.

"ஏனுங்க, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. என்ன வேணும்?"

"சாக்லெட்டுங்க."

"மில்க்கா, டார்க்கா?"

"கறுப்பா இருக்கறதுங்க."

"எத்தனை சிலாப்? பேக்கரி எந்தப் பக்கம்?"

"பேக்கரி இல்லீங்க. ஊட்டுக்கு. அரைக் கிலோ போதுமுங்க."

"ஊட்டுக்கா!" என்று நிமிர்ந்து பார்த்தார். "ஊட்டுல பொம்பளைங்கள அனுப்பிச்சிருக்கலாமே. அவங்களுக்குத்தானே பக்குவம் தெரியும்?"

நான் தலையாட்டினேன். அவர் சிலாப் என்ற அந்தப் பெரிய கட்டியைச் சுத்தியால் தட்டி உடைத்துக் கட்டிக் கொடுத்தார். கிரீமும் கோகோவும் வெண்ணெயும் அங்கேயே கிடைத்தன. மைதாவை நூற்று எழுபத்தைந்து கிராம் நிறுத்துக் கொடுங்கள் என்று மளிகைக் கடையில் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கிலோவாக வாங்கினேன். வீட்டில் தராசு கிடையாது. என் மனைவி எல்லாவற்றையும் ஏதோ ஒரு டம்ளரில் அளப்பாள். எந்த டம்ளர் என்று நோட்டில் எழுதவில்லை, கிராம் கணக்குதான் இருந்தது.

அதனால் திரும்பக் கம்பெனிக்கே போனேன். குவாலிட்டி ரூமில் துணியை வட்டமாக வெட்டி நிறுத்து, ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க ஒரு சின்ன மின்தராசு உண்டு. நூலின் எடைகூடக் காட்டும். குவாலிட்டிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். யாரையும் சும்மா விடமாட்டார்.

"என்ன மாஸ்டர், தராசை எங்க கொண்டு போறிய?"

"ஊட்டுக்குங்க. திங்கக்கிழமை தந்தர்றேன்."

"வீட்டுல என்னத்த நிறுக்கப் போறிய? தங்கமா?"

"மாவுங்க. சாக்லெட்டு."

ஒரு நிமிஷம் அவருக்குக் கேலி வரவில்லை. பிறகு வந்துவிட்டது. "எந்த ஃபாரின் பையருக்கு சாம்பிள்? ஜெர்மனியா, அமெரிக்காவா?" பக்கத்தில் இருந்த செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். "ஜி.எஸ்.எம். கூடிரப் போவுது மாஸ்டர், பாத்து. பேட்டரி கீழ இருக்கு, குலுக்காம பைய கொண்டு போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கூடப் படித்த பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினாள். "மாமா வர்றதுக்குள்ள வந்தர்றனுங்ப்பா." நான் தலையாட்டினேன். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு ஓவனைப் பரணிலிருந்து இறக்கினேன். கண்ணாடியில் தூசி. உள்ளே ஒரு கரண்டி கிடந்தது, என் மனைவி போட்டு வைத்தது.

அந்த வருடம்தான் தினமும் கரண்ட் போக ஆரம்பித்திருந்தது. எங்கள் பகுதிக்குப் பன்னிரண்டு மணிக்குப் போனால் இரண்டுக்கு வரும். மச்சான் ஒரு மணி பஸ்ஸில் இறங்குவார். ஆகவே பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டும். சீட்டைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

மைதாவைத் தராசில் வைத்தேன். அது இருநூறு கிராமுக்கு மேல் தாங்காது என்பதால் கிண்ணம் வேண்டாம் என்று ஒரு பாலித்தீன் கவரை வைத்து, கவரின் எடையைக் கழித்து, 175.00 என்று வரும்வரை சிட்டிகை சிட்டிகையாக எடுத்தேன். அவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை என்று இப்போது தெரிகிறது. வெண்ணெயையும் அப்படியே. பிரிஜ்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை மாவில் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. உதிர்த்தேன். ரவை மாதிரி ஆனது. ஐஸ் தண்ணீர் மூன்று ஸ்பூன் விட்டு உருட்டினேன்.

அடுத்த வரி, 'மாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு, பிரிஜ்ஜில்.'

மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஒரு மணி நேரம் வைத்தால் பை வேகும் முன்பே கரண்ட் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வழியில்லை. ஓய்வு எதற்கு, மாவுக்கு என்ன களைப்பு என்று விட்டுவிட்டேன்.

இதை வேறு யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம். பின்னலாடைத் துணி மிஷினிலிருந்து சுருட்டி வரும்போது இழுபட்டே வரும். உடனே வெட்டினால், வெட்டிய பிறகு தன் போக்குக்குச் சுருங்கிவிடும். சட்டை ஒரு அளவு குறைந்துவிடும். அதனால் ஒரு நாள் முழுக்கச் சுருளை அவிழ்த்து, மடித்துப் போட்டு வைப்போம். அதற்குப் பேர் ரிலாக்ஸ். விரிக்கும்போதும் இழுக்கக் கூடாது. யாராவது இழுத்தால் நான் கத்துவேன். நான் சத்தம் போடுவது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். இருபத்து மூன்று வருடமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாவு முன்னால் நிற்கும்போது ஒரு நொடிகூட எனக்கு அது தோன்றவில்லை.

சப்பாத்திக் கட்டையால் தேய்த்தேன். மாவு பின்வாங்கியது. தேய்க்கத் தேய்க்க லைக்ரா துணி மாதிரி உள்ளுக்கு வந்தது. பலமாகத் தேய்த்தேன். கேக் டின்னில் போட்டபோது ஓரம் மேல்விளிம்பை எட்டவில்லை. விரலால் நாலு பக்கமும் இழுத்து விளிம்புவரை கொண்டுவந்து அழுத்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் அவள் செய்வதுபோல முள்கரண்டியால் வரி போட்டேன். உள்ளே காகிதம் விரித்து, எழுதியிருந்தபடி கொண்டைக்கடலையைக் கனத்துக்குப் போட்டு ஓவனில் வைத்தேன். நேரமாகிறதே என்று கடலையைச் சீக்கிரம் எடுத்துவிட்டேன்.

அதற்குள் சாக்லெட். கிரீமைச் சூடாக்கி, சாக்லெட் துண்டுகளைப் போட்டுக் கலக்கினேன். சாக்லெட் பிரவுன் என்று ஒரு நிறம் உண்டு. எத்தனையோ லாட் வெட்டியிருக்கிறேன். கலர் அட்டையில் இருக்கும் அந்த நிறம் இதனிடம் நிற்காது. இது கறுப்புக்குப் பக்கத்தில், உள்ளே எங்கேயோ சிவப்பு வைத்த மாதிரி இருந்தது. பளபளவென்று என் முகம் தெரிந்தது. இரண்டு முட்டை, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஸ்பூன் காப்பி டிகாஷன். டிகாஷன் வகுப்பில் சொன்னதில்லை, என் மனைவியாகச் சேர்த்தது. நோட்டில் அந்த வரி மட்டும் வேறு மையில் இருந்தது.

ஓவன் மூடியைத் திறந்தேன். ஓரத்தைக் காணோம்.

ஓடு வெந்திருந்தது, நல்ல வாசம்கூட வந்தது. ஆனால் சுவர் முழுக்கக் கீழே இறங்கி, டின்னின் பாதி உயரத்தில் சுருண்டு தடித்துக் கிடந்தது. நான் போட்ட வரிகள் உள்பக்கம் பார்த்து மடிந்திருந்தன. எல் சைஸ் வெட்டி எம் சைஸ் வந்த மாதிரி. அப்போதுதான் தெரிந்தது. மாவு பின்வாங்கியது, நான் இழுத்தது, ஓய்வு கொடுக்காதது, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. இழுத்தால் சுருங்கும் என்று சொல்லிக்கொண்டேதான் வாழ்நாள் பூராவும் வேலை செய்திருக்கிறேன்.

மறுபடி செய்ய நேரமில்லை. அந்தத் தாழ்ந்த சுவருக்குள் பிடித்த அளவு ஊற்றினேன். பாதிக்கு மேல் பாத்திரத்திலேயே மிஞ்சியது. மூடினேன். வேக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிவப்பு அணைந்தது. பன்னிரண்டு மணி. மூடியைத் திறக்காமல் இருக்கிற சூட்டிலேயே வைத்தேன். வேறு என்ன செய்வது. சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மகள்தான் முதலில் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். வாசம் தெருவரை போயிருக்க வேண்டும். உள்ளே வந்தாள். ஓவனைப் பார்த்தாள், சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்தாள். அவள் பின்னாலேயே மச்சானும் அக்காவும் வந்துவிட்டார்கள்.

"என்னுங் தம்பி, ஊடே மணக்குது?" என்று அக்கா சமையலறையை எட்டிப் பார்த்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "இனிப்பா? ஏனுங் தம்பி, வருசம் திரும்பலயே. துக்கம் நடந்த ஊட்டுல பலகாரம் செய்யலாமா? தீவாளிக்கே நாங்க கொண்டாந்துதான தரோணும்?"

எனக்கு அதுவும் தோன்றியிருக்கவில்லை. ஒரு வருடம் பண்டிகை கிடையாது, வீட்டில் இனிப்புப் பலகாரம் சுடக் கூடாது. மறந்தே போனேன்.

மச்சான் நாற்காலியில் சாய்ந்தபடியே, "எண்ணச்சட்டி வெச்சாரா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஓவன்லதானுங்க."

"அப்பறம் என்ன. எண்ணச்சட்டி வெச்சாத்தான் தப்பு. பேக்கரிக்காரனுக்கு எந்த ஊட்டு எளவு தெரியும்? உடு."

"அதையும் இதையும் சேத்துப் பேசாதீங்க" என்றார் அக்கா. ஆனால் மூடியைத் திரும்ப மூடவில்லை.

நான் டின்னைத் துணியால் பிடித்து வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். நடுவில் லேசாகத் தளதளவென்று இருந்தது. மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். விரலால் டின்னின் சுவரைத் தொட்டாள், சாக்லெட்டுக்கு மேலே வெறும் அலுமினியமாக இருந்த இடத்தை. சுற்றிலும் ஓரத்தைத் தேடினாள். இல்லை.

"இழுத்துப் போட்டீங்களாப்பா?"

"ஆமா கண்ணு."

"மாவ பிரிஜ்ஜுல வெக்கலயா?"

"கரண்ட் போயிருமேன்னு வெக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "தெனமும் ஊட்டுக்கு வந்தா ரிலாக்ஸ் பண்ணாம வெட்டிப்போட்டாங்க, இழுத்து விரிச்சுப்போட்டாங்கன்னு அதே பேச்சுத்தான. அம்மா காதப் பொத்திக்குவாங்க. சாமி, போதும் உங்க ரிலாக்ஸுன்னு. நீங்களே இப்படிப் பண்ணியிருக்கீங்க!"

நான்கு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. சிரிக்கவில்லை, ஆனால் குரலில் ஏதோ இருந்தது. அவள் அம்மா என்னைக் கேலி செய்யும்போது இருப்பது. பாத்திரத்தில் மிஞ்சிய சாக்லெட்டைக் கரண்டியால் கிளறினாள்.

"இது நெறைய இருக்குதுங்ப்பா. மாவு மட்டும் மறுக்கப் பெசஞ்சு, ஒரு மணி நேரம் வெச்சு எடுத்தா, கரண்ட் வந்ததும் இன்னொண்ணு போட்டறலாம்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல கண்ணு" என்றார் மச்சான். "நாலு மணி பஸ்ஸப் புடிக்கோணும். கட்டி வெச்சுட்டியா எல்லாம்?"

மகள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "கட்டிட்டனுங் மாமா" என்றாள். அந்தக் குரல் போய்விட்டது. எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள்.

"மச்சாங்க" என்றேன்.

அவர் திரும்பினார். நான் கூப்பிட்டது எனக்கே கேட்டது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை.

"அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் தலையாட்டிப்போட்டனுங்க. அது தப்புங்க. பாப்பா இங்கயே படிக்கட்டுமுங்க."

அக்கா கையில் எடுத்த தண்ணீர்ச் செம்போடு நின்றார். மச்சான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, நாலு மாசமா வாயில பசை போட்ட மாதிரி இருந்துபோட்டு, இப்ப நாங்க பஸ் ஏறி வந்து உக்காந்தப்பறமா இதச் சொல்லுவீங்க? பள்ளிக்கொடத்துல நான் யாரு யாரு காலப் புடிச்சுச் சொல்லி வெச்சிருக்கறேன் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. தப்புங்க."

"சாயங்காலம் யாரு பாத்துக்குவா? நீங்க வர ஒம்பது ஆகுது."

"ஓவர்டைம் வேண்டாமுன்னு சொல்லப் போறனுங்க. ஆறு மணிக்கு வந்தர்றேன்."

"சொல்லுவீங்களா? உங்க மொதலாளிகிட்ட? நீங்க?"

"சொல்லுவனுங்க."

அவர் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. கடைசியில் மகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன கண்ணு சொல்றே? மாமன் மேல கோவமில்லாமச் சொல்லு. எங்கூட்டுல உனக்கு என்ன கொறை வெக்கப் போறோம்?"

மகள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். பெட்டியின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. நீல அட்டை நோட்டோடு திரும்பி வந்து, அதை அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்தில் செருகினாள். பிறகு மைதாப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அந்தத் தராசு எதுக்குங்ப்பா? அம்மா அந்தப் பித்தாள டம்ளர்லதான அளப்பாங்க."

மச்சான் எழுந்து வெளியே போய்ச் சிறிது நேரம் வாசலில் நின்றார். கோபம் இருந்தது. அது முழுதாகப் போக ஒரு வருடம் ஆனது. திரும்பி வந்தபோது, "செரி, அந்த மொதல்ல செஞ்சதையாவது அறுங்க. பசிக்குது" என்றார். ஓரமில்லாத பையை வெட்டிக் கொடுத்தேன். சொதசொதவென்று தட்டில் உட்கார்ந்தது. மச்சான் இரண்டு துண்டு தின்றார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று, ஒரு விரலில் தொட்டு நக்கிவிட்டு, "கசக்குது" என்று இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார்.

நானும் ஒரு வாய் தின்றேன். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மகள் போகவில்லை என்ற சந்தோஷம் உடனே பொங்கி வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வரவில்லை. கை உறையைக் கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் போட்டிருப்பது போலவே இருக்கும். அப்படி இருந்தது. மகள் மாவைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிசைந்து உருட்டிப் பிரிஜ்ஜில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சத்தமாகச் சொன்னாள். கரண்ட் இல்லாவிட்டாலும் பிரிஜ்ஜில் குளிர் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் நாங்கள் நாலு பேரும் விசிறியும் இல்லாமல் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உர விலை பேசினோம். என் மனைவியைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம், சின்ன வயதில் தாராபுரத்தில் ஆற்றில் செருப்பை விட்டுவிட்டு வந்த கதையை மச்சான் சொன்னார்.

இரண்டாவது பை நாலு மணி பஸ்ஸுக்கு முன் வெந்துவிட்டது. ஓரம் விளிம்பிலேயே நின்றது. சூடு ஆறுவதற்குள் அக்கா டப்பாவில் ஒரு பாதியைக் கட்டிக்கொண்டார், துக்க வீட்டு இனிப்பு என்று சொன்ன அதே அக்கா. மகள் ஓரத்தை ஒடித்துத் தின்றுகொண்டே அவர்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். நடுவில் இருந்ததை இரவு என் தட்டில் தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போனோம். டி.சி.க்கு அல்ல, அங்கேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து கம்பெனிக்குப் போய் முதலாளி அறைக்கு வெளியே வெகுநேரம் நின்று, உள்ளே போய், ஆறு மணிக்கு மேல் முடியாது என்று சொன்னேன். சம்பளம் குறையும் என்றார். "செரீங்க" என்றேன். அவ்வளவுதான் அது.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தட்டின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருப்பதைக் கண்டேன். நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குவாலிட்டிக்காரர் என் காதருகே குனிந்து கத்தினார்.

"சாம்பிள் அப்ரூவ் ஆயிட்டா, மாஸ்டர்?"

நான் தலையாட்டப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"மொதல் பீஸ் ரிஜெக்ட்டுங்க" என்று நானும் சத்தமாகச் சொன்னேன். "ஓரம் சுருங்கிப் போச்சு. ரிலாக்ஸ் பண்ணாம இழுத்துப் போட்டுட்டேன்."

"யாரு, நீங்களா?"

"நானேதானுங்க. அப்பறம் பாப்பா ஒண்ணு போட்டா. அது சரியா வந்துச்சு."